ஏழாவது வரி

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் குட்டியும் நலம். உன் நலத்தை விசாரிக்கவே தேவையில்லை. அலுவலகத்தில் காபி எந்திரத்தின் பக்கம் போனாலே உன் பெயர்தான் காதில் விழுகிறது. குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. அடியில் வாளி வைத்திருக்கிறேன்.

போன வாரம் எங்கள் குழுத்தலைவர் என் மேசைக்கே வந்து, "உங்க வீட்டுக்காரம்மா பின்னிட்டாங்க சார்! எட்டு மாசமா நாம மண்டைய உடைச்சுக்கிட்டத பதினோரு வரியில முடிச்சுட்டாங்க" என்றார். பல்லைக் காட்டிச் சிரித்து வைத்தேன். வயிறு எரிந்தது. நாம் இருவரும் இதே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து தேடிய பிழை அல்லவா அது? கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் ஒரு நினைவகப் பக்கத்தை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது, அதில் எழுதியது எப்போதாவது காணாமல் போகும். வேலைக்கென்று எங்களை விட்டு வெளியூர் போன மூன்றே வாரத்தில் நீ அதைப் பிடித்துவிட்டாய். குட்டிகூட, "அம்மா கண்டுபிடிச்சத நீ ஏம்ப்பா கண்டுபிடிக்கல?" என்று கேட்டாள். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ சரிபார்க்க அனுப்பிய அந்தப் பதினோரு வரித் திருத்தத்தை நான் படிக்கவே இல்லை. மனம் வரவில்லை. படிக்காமலே, "பார்த்தேன், சரி" என்று என் பெயரைப் போட்டு அனுப்பினேன். நம் வேலையில் அது எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை, குறை கண்டுபிடிக்கவென்றே உட்கார்ந்து படித்தேன். ஏழாவது வரியில் மாட்டிக்கொண்டாய், அம்மா! பக்கத்தில் ஏதாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று காட்டும் குறியை முதலில் படிக்கிறாய். பிறகுதான் யாரும் அதைத் தொடாதபடி தொடர்பை அறுக்கிறாய். பெட்டிகளை எண்ணி முடித்த பிறகும் கதவைத் திறந்தே வைத்திருப்பது மாதிரி. அந்த இடைவெளியில் எழுதினால் எழுத்து புதிய இடத்துக்குப் போகும், குறி போகாது. ஒன்றும் மாறவில்லை என்று கெர்னல் அந்தப் பக்கத்தையே தூக்கிப் போட்டுவிடும்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? குட்டிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். எதுக்குப்பா என்று கேட்டாள். சும்மாதான் என்றேன். மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை உன் திருத்தம் புதிய பதிப்பில் சேர்ந்து எல்லோருடைய கணினிக்கும் போகட்டும், நாலு பேர் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

இன்று காலை குட்டி உனக்காக வரைந்த படத்தைக் கணினியில் சேமித்துவிட்டு, "இது அழியாதுல்லப்பா?" என்று கேட்டாள். அழியாது என்றேன். அதற்கு மேல் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடனே திருத்தத்தைத் திரும்பப் பெறு. அந்த இரண்டு செயல்களை முன்பின்னாக மாற்றினால் போதும். பிழையை நீயே கண்டதாக எழுதிக்கொள். என் பெயரை எடுத்துவிடு. அங்கே இருக்க அதற்கு யோக்கியதை இல்லை. திட்டு, கத்து, எவ்வளவு நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் அடுத்த திருத்தத்தையும் முதலில் எனக்கே அனுப்பு. வயிறு எரியத்தான் செய்யும். எரிந்துகொண்டே முதல் வரியிலிருந்து படிப்பேன்.

இன்னும் பொறாமை தீராத,
உன் வீட்டுக்காரன்