ரோஹிடாவுக்கு நான் போட்ட குழாய்

அக்கா,

இன்று காலை கார் கண்ணாடியில் ஆரஞ்சு நிறப் பூ ஒன்று விழுந்து கிடந்தது. புனல் வடிவம், மணமே இல்லை. வைப்பரைப் போட்டுத் தள்ளப் போனவன் நிறுத்திக்கொண்டேன். உன் ரோஹிடா பூத்துவிட்டது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

ஜோத்பூரிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்தபோது அந்தக் கன்றை ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாய். பாலைவன மரம், தில்லி துவாரகாவில் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன். "நாம பிழைக்கலையா?" என்றாய். நம் தரைத்தள வீட்டு ஜன்னலுக்கு வெளியே, மூன்று மூட்டை மணலைக் கலந்து மேடு கட்டி நட்டாய். "தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். அவ்ளோதான், ஒரே ரூல்." தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பாய். இரண்டாவது கணு வரை காய்ந்திருந்தால்தான் ஒரு சொம்பு. ஈரம் தட்டினால், "நாளைக்குப் பாப்போம்." எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பிறகு உன் சிறுநீரகங்கள் பழுதாயின. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் என்றார் டாக்டர். நான் பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டினால் கத்தினேன். அந்த பாட்டில் இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது; எடுத்துப் போட யாருக்கும் மனம் வரவில்லை. நீ ஜன்னலோரம் படுத்தபடி மரத்தைப் பார்த்துச் சிரித்தாய். "அரே, எனக்கும் இதுக்கும் ஒரே டயட்டுடா."

போன வருடத்துக்கு முந்தைய வருடம், மழைக்காலத்தில் சொன்னாய்: "இந்தக் குளிர் முடியறப்ப பூத்துடும். பாத்துடுவேன்."

உன் ரிப்போர்ட்டுகளை நான் படித்திருந்தேன். எனக்குப் பயம். ஆர்.ஓ. ஃபில்டர் நாள் முழுக்க வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு குழாய் போட்டு மரத்தடிக்குத் திருப்பினேன். தண்ணீரும் வீணாகாது, மரமும் சீக்கிரம் பூக்கும் என்று கணக்கு. உன்னிடம் சொல்லவில்லை. மரம் மளமளவென்று தழைத்தது. கிளை எல்லாம் இலை. "பாத்தியா?" என்று பெருமையாகக் காட்டினேன். போன வருடம் பிப்ரவரியில் இலைகள் மஞ்சளாகித் தொங்கின.

"டேய் எஞ்சினியர், அடில என்ன பண்ணி வெச்சிருக்க?"

குழாயைக் காட்டினேன்.

"எனக்கு மட்டும் கோடு, அதுக்கு நாள் பூரா பைப்பா?" என்று இருமல் வரும்வரை சிரித்தாய்.

அன்றே குழாயைப் பிடுங்கினேன். நீ கன்று வாங்கிய ஜோத்பூர் நர்சரிக்காரருக்குப் போன் செய்தேன். அவர் இந்தியில் நிதானமாகச் சொன்னார்: தண்ணீர் கண்டதால் மரம் இலையாகவே தள்ளிவிட்டது, காயப் போட்டிருந்தால் இந்நேரம் பூத்திருக்கும்.

"என்னடா சொன்னார்?"

"கொஞ்சம் டைம் ஆகுமாம்."

"ஆகட்டும். எனக்கென்ன அவசரம்?"

நர்சரிக்காரர் சொன்னது முழுவதையும் உன்னிடம் சொல்லவில்லை. டிசம்பர் வரை எத்தனையோ நாள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அப்போதும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நீ பார்த்திருக்க வேண்டிய பூவை நான்தான் கெடுத்தேன்.

கண்ணாடியில் கிடந்த பூவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். அம்மா சொம்போடு வந்தாள்.

"பூத்திருக்கேடா. கொஞ்சம் ஊத்தட்டுமா?"

"இரும்மா."

குனிந்து மண்ணில் விரலை விட்டேன். இரண்டாவது கணுவில் ஈரம் தட்டியது.

"நாளைக்குப் பாப்போம்," என்றேன்.

அம்மா சொம்பைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.