மணி அடித்தாலும் உட்காராதே

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லையப்பா. இருக்கிறோம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் எனக்கு அழுகைதான் முந்திக்கொண்டு வருகிறது. நீயும் சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்க மாட்டாய், அழுதால் மட்டும் உடனே கேட்பாய். இந்த விஷயத்தில் என் அழுகையைக் கேட்டு நீ முடிவெடுத்துவிடக் கூடாது, அதனால்தான் கடிதம். பின் தெரு ரயில் டிரைவர் நாளைக்குத் தலைநகரத்துக்கு வண்டி எடுத்துப் போகிறாராம், உன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றார். எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வியாழக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு.

அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கவே இல்லை. கப்பல் பழுதாகி நிற்கிறது, சரியானதும் சின்னவன் வந்துவிடுவான் என்றுதான் அவரிடம் இன்னமும் சொல்லிவைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும், என்ன, அந்த ஸ்குரூ கிடைச்சுதா இல்லையா என்று கேட்கிறார். நம்புகிறாரா, எனக்காக நம்புகிற மாதிரி இருக்கிறாரா என்று தெரியவில்லை. நாடாளுமன்றச் சபை நடக்கிற நாட்களில் நம் தையல் கடைக்கு வந்து டிவிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் பேசினால் தூங்குவார், நீ எழுந்தால் நிமிர்ந்து உட்காருவார். மின்வெட்டைப் பற்றி, காலியாகக் கிடக்கிற ஆசிரியர் வேலைகளைப் பற்றி, எல்லைச் சாலையைப் பற்றியெல்லாம் நீ பேசியதை அப்படியே ஒப்பிக்கிறார். எதிர்க்கட்சிக்காரர்களே மேசையைத் தட்டிய அன்றைக்கு, பட்டன் வாங்க வந்தவரைக் கூட விடாமல் பிடித்து உட்காரவைத்தார். எனக்கு ஒரே ஒரு குறைதான். சபாநாயகர் மணி அடித்ததும் நீ பாதி வாக்கியத்திலேயே உட்கார்ந்துவிடுகிறாய். மற்றவர்களெல்லாம் அந்த மணி அடுத்த வீட்டில் அடிக்கிற மாதிரி பேசிக்கொண்டே போகிறார்கள். உன்னை ஒழுங்காக வளர்த்தது என் தப்பு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், எவ்வளவு நேரம்தான் சுற்றிவளைப்பேன். முதலாளி கடனைக் கட்டாமல் கைகழுவிவிட்டுப் போன அந்தக் கப்பலில் பதினோரு பேர் இருக்கிறார்கள், உன் தம்பி அதில் ஒருவன். அந்த நாட்டுத் துறைமுகத்தில் கப்பலைப் பிடித்து நிறுத்திப் பாஸ்போர்ட்டையும் வாங்கிவைத்துக்கொண்டு, இறங்கவும் விடாமல் திரும்பவும் விடாமல் போன மழைக்காலத்திலிருந்து வைத்திருக்கிறார்கள். இப்போது அதே நாட்டோடு வணிக ஒப்பந்தமாம், அதன் மேல்தான் வியாழக்கிழமை விவாதமாம். உன் கட்சிக் கொறடா உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீ கப்பலைப் பத்திப் பேசாம இருந்துடு, உன் தம்பியை உடம்பு சரியில்லைன்னு சொல்லிச் சத்தமில்லாம இறக்கிக் கொண்டாந்துடுறோம் என்று சொன்னதாகச் சொன்னாய். மத்தவங்க என்று நீ கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றாராம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, நீ என்னம்மா சொல்றே என்று என்னிடம் கேட்டாய். அதை என்னிடம் ஏன்டா கேட்டாய். மின்சாரத்துக்கும் சாலைக்கும் என்னைக் கேட்டா பேசினாய்? போனை வைத்ததும் நான் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பேசாதே, வாயைத் திறக்காதே, ஒப்பந்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், என் பிள்ளை வீட்டுக்கு வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி மனசு அங்கேயேதான் நிற்கிறது. நான் பெரிய மனுஷி இல்லை, பெற்றவள்.

திங்கட்கிழமை சின்னவன் பேசினான். காவலுக்கு நிற்கிறவர் இரக்கப்பட்டுப் போன் கொடுத்தாராம். குரலைக் கேட்டால் அவன் என்று தெரியவில்லை, யாரோ கிழவர் என்று நினைத்து யாருங்க என்று கேட்டுவிட்டேன். ஒரு பக்க ஈறு வீங்கிக் கன்னம் உப்பியிருக்கிறதாம், உன் மகன் கொஞ்சம் சதை போட்டுட்டான்னு நினைச்சுக்கோம்மா என்று அதிலும் கேலி. நீ முன்பு கேள்வி நேரத்தில் இரண்டு வார்த்தை கேட்டாயே, அமைச்சரும் தீவிர பரிசீலனை என்று சொல்லி உட்கார்ந்தாரே, அப்பா கடையில் இல்லாத நேரம், கேட்ட நாங்கள் எல்லோரும் வெறுத்துப்போனோம். ஆனால் அதற்கப்புறம்தான் தூதரகத்திலிருந்து யாரோ படகில் வந்து எட்டிப் பார்த்தார்களாம். மறுநாள் பீப்பாயில் நல்ல தண்ணீர் வந்ததாம். அண்ணன் பேசினாத்தான்மா இங்க தண்ணி வருது என்கிறான். கப்பலின் சமையல்காரர் காய்ச்சலில் விழுந்து எழுந்திருக்கவே இல்லையாம், இவன்தான் ஸ்பூனில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். அவர் தன்னைச் சபைப் பேச்சு வருகிற ரேடியோ பக்கத்தில் படுக்கவைக்கச் சொன்னாராம். அண்ணன் என்னைக்குப் பேசுதுன்னு எல்லாரும் கேக்குறாங்கம்மா என்றான். வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொல்லவில்லை, ஆனால் யோசித்துச் சொன்னேன் என்றும் சொல்ல முடியாது. கொறடா சொன்னதை அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் லைன் போய்விட்டது.

அந்தச் சமையல்காரரின் மனைவி நம் கடையில்தான் பட்டன் தைக்கிறாள், உனக்குத் தெரியும். புருஷனுக்குக் காய்ச்சல் என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. இன்று காலையில் எனக்கு எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, அக்கா, உங்க பெரியவர் சபையில இருக்கிறவரைக்கும் எனக்குப் பயமில்லக்கா, தம்பியை விட்டுடுவாரா என்ன, தம்பியைக் கேக்கும்போது எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துத்தானே கேப்பாரு என்றாள். நான் குனிந்து மிஷினை மிதித்தேன். பார்த்தால் பள்ளிக்கூடச் சட்டையில் இடக் கையை வலப் பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன். அவளே வாங்கிப் பிரித்துக் கொடுத்தாள், கண் தெரியலையாக்கா என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. சின்னவன் மட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றால் இவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன், அவன்தான் எப்படிப் பார்ப்பான். ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு வந்தாயா என்று அவனை நான் ஒரு வார்த்தை கேட்க முடியுமா?

ஆனால் நீ பேசினால் அவர்கள் கோபத்தில் அவனைக் கடைசி வரைக்கும் இறக்காமலே விட்டுவிட்டால்? இதைத்தான் மனசுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு திரிகிறேன். யாராவது எனக்காக முடிவெடுத்துவிட மாட்டார்களா என்று இருக்கிறது. எடுக்க ஆளில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் முனைக் கடைக்கு அனுப்பினால் நீ உப்பு என்று கேட்கக் கூட வெட்கப்பட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். உன் இடுப்பு உயரம் கூட இல்லாத அவன்தான் எக்கி எக்கி, எங்க அண்ணனுக்கு முதல்ல குடுங்க என்று கத்துவான். உனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த பிறகுதான் தனக்குக் கேட்பான். சில நாள் தனக்குக் கேட்க மறந்தே போய் வந்துவிடுவான். நான் அவனைத் திட்டுவேன், உன்னையும் திட்டுவேன். இப்போது அவன் அங்கே தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பேச வேண்டிய முறை உன்னுடையது.

அதனால் பேசு. எழுதிவிட்டேன். எழுதியதை அடிக்கலாமா என்று பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன், அடிக்கவில்லை. மாலுமிகள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதே, அப்படிச் சொன்னால் பரிசீலனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். பதினோரு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாகச் சொல். அவர்கள் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள். சமையல்காரர் பெயரை முதலில் சொல், அவருக்குக் காத்திருக்கத் தெம்பில்லை. உன் தம்பி பெயரைக் கடைசியில் சொல். சொந்தக்காரனுக்காகப் பேசுகிறான் என்று அப்புறம் எவனும் சொல்ல முடியாது. உன்னைக் கட்சியை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும், கடையில் பட்டன் தைக்க ஆள் குறைவாகத்தான் இருக்கிறது. இதில் ஏதாவது ஆகிவிட்டால் அம்மா சொல்லித்தான் பேசினேன் என்று நினைத்துக்கொள், பழி என்னோடு போகட்டும். என்னால் தாங்க முடியுமா என்று கேட்காதே, முடியாது.

குளிர்ந்த தண்ணீர் குடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. அம்மா அப்பாவின் ஆசி இரண்டு பேருக்கும் எப்போதும் உண்டு, நீங்கள் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் தம்பி பெயர் கடைசியில் இருக்கிறது, அது வருவதற்குள் மணி அடித்துவிடுவார்கள். உட்கார்ந்துவிடாதேடா.

இப்படிக்கு,
உனக்கும் அவனுக்கும்
அம்மா