பச்சைக் கல்லோடு நான் மடித்து வைத்த காகிதம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும், இங்கே நான் சுகம், உன் அம்மா தானும் சுகம் என்று சொல்லிக்கொள்கிறாள். யாரையும் கெஞ்சாமல் நானே எழுதும் முதல் கடிதம் இது, மூன்று நாளாக எழுதுகிறேன், சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் எழுதும் சேதி நல்லதில்லை. போனில் சொன்னால் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு ஒண்ணுமில்லடி என்று முடித்துவிடுவாள்.

பட்டறையில் நாங்கள் சாணை பிடிக்கும் பச்சைப் படிகக் கல் உனக்குத் தெரியும். கண்ணாடியைக் கீறும், கத்தியால் அதைக் கீற முடியாது, உள்ளே காக்காப்பொன் துகள் இருப்பதால் திருப்பினால் மினுக்கும். மோதிரத்துக்கும் மணிமாலைக்கும் லட்சணமான கல், மரகதத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது, அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கல்லையும் பஞ்சில் வைத்து, முதலாளி அச்சடித்துத் தரும் காகிதத்தை நான்காக மடித்து டப்பாவில் போடுவதும் இருபது வருடமாக என் வேலைதான். போன வாரம் முதியோர் கல்வி வகுப்பு முடித்த தெம்பில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நெஞ்சில் படும்படி அணிந்தால் இரத்த அழுத்தம் இறங்கும், இதய நோய் தீரும், மாத்திரையே வேண்டாம் என்று போட்டிருக்கிறது! கல்லை அறுத்து அறுத்து என் நெஞ்சில் ஏறிய தூசியைப் பற்றி ஒரு வரி இல்லை. முதலாளியிடம் போய்க் கேட்டால், எல்லாரும் போடறதுதான் பெரியவரே, படிப்போட வம்பும் சேர்ந்து வந்துடுச்சா என்று சிரிக்கிறார். இனி நீங்களே மடித்துக்கொள்ளுங்கள் என்று காகிதக் கட்டைத் தூக்கி அவர் மேஜையில் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் உன் அம்மா கழுத்துச் சங்கிலியில், இத்தனை நாள் சேலைக்குள் நான் கவனிக்காத அதே கல். கடையில் டப்பாவோடு வாங்கினாளாம், பக்கத்து வீட்டுத் தையல்காரி காகிதத்தைப் படித்துச் சொன்னாளாம், இரண்டு மாதமாக இரத்த அழுத்த மாத்திரையைத் தொடவில்லையாம், தலை சுற்றினால் கல்லை அழுத்திப் பிடித்துக்கொள்கிறாளாம். பொய் என்று கத்தினேன். இருபது வருஷமா உங்க கையால மடிச்சு வெச்சீங்களே, அப்ப ஊருக்கெல்லாம் பொய்யா கொடுத்தீங்க என்று கேட்டாள்.

என் பேச்சு இனி எடுபடாது. கடிதம் கிடைத்ததும் நீ அவளைக் கூப்பிட்டுத் திட்டு, அழு, என்ன வேண்டுமானாலும் செய், மாத்திரை தொண்டைக்குள் இறங்கும்வரை போனை வைக்காதே. அவளுக்காவது சொல்ல நீ இருக்கிறாய். நான் மடித்த காகிதம் போய்ச் சேர்ந்த மற்ற வீடுகளில் யார் இருக்கிறார்களோ, எனக்குத் தெரியவில்லை.

குழந்தையைக் குளிரில் விடாதே. நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு, தானே எழுதிய
உன் அப்பா