நான்கு வரித் திருத்தம்

கம்பம், வியாழன் இரவு

கஞ்சா வழக்கில் கைதான செல்வம் வேறு ஆள். பெயரும் ஊரும் ஒத்துப்போனதால், விசாரிக்காமல் ஜீப் டிரைவர் செல்வம் என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்பியவன் நான். பிறகு வந்த நான்கு வரித் திருத்தத்தை யாரும் படிக்கவில்லை. ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் இப்போது அவர் ஜீப்பில் ஏறுவதில்லை.

இன்று காலை ஸ்டாண்டில் செல்வத்தைப் பார்த்தேன். "ஜீப்புலயே என் நம்பர் எழுதியிருக்கு சார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வேறு ஜீப்புக்குக் காத்திருந்த பெண்களிடம் போய், "இவர் மேல எந்தக் குத்தமும் இல்ல. தப்பா எழுதுனது நான்தான்" என்றேன். ஒரு அக்கா மட்டும் செல்வத்தின் ஜீப்பில் ஏறினார். உட்கார்ந்ததும் என்னிடம், "இத்தன வருசமா எழுதுனீகளே, அதுல இன்னும் எதெல்லாம் பொய்?" என்று கேட்டார்.

விசாரிக்காமல் அனுப்பியவை எவையென்று எனக்கே நினைவில்லை.