நீல மூடிக் கோப்பை

மதினி,

இன்று காலை அலுமாரியின் அடித்தட்டைத் துடைக்கும்போது, பழைய புடவைகளுக்குப் பின்னால் உங்கள் நீல மூடிக் கோப்பை கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். மூடியில் இன்னும் லேசாக மிளகு மணம். நீங்கள் மௌத்தாகிப் போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிவிட்டது. அந்தக் கோப்பையை ஒளித்து வைத்தவள் நான்தான். “எங்கயோ துலைஞ்சிட்டு” என்று உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவளும் நான்தான்.

பொறாமை, மதினி. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

உங்கள் தம்பிக்கு, என் புருசனுக்கு, புற்றுநோய் என்று இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இது என் வீடு. வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்தது. நம் ஊர் வழக்கப்படி அவர் கலியாணம் முடித்து இங்கே வந்து குடியிருந்தார். அவரைப் பார்ப்பது என் பொறுப்பு, எனக்கு மட்டுமே உள்ள பொறுப்பு என்று இருந்தேன். பத்தியம் காத்தேன். மீனும் முட்டையும் சேர்த்தால் வெட்டுக்காயம் சீழ் வைக்கும் என்றுதானே எல்லோரும் சொல்வது? மூன்று வேளையும் கஞ்சியை வடித்து வடித்துக் கொடுத்தேன். அப்படியிருந்தும் தையலின் கீழ்முனை மூடவில்லை. நகமளவு திறந்து நீர் கசிந்துகொண்டே இருந்தது.

கிளினிக்கில் டொக்டர் என்னைத்தான் பார்த்தார். “ரத்தத்தில புரதம் நல்லாக் குறைஞ்சிட்டு. கஞ்சித் தண்ணியில சதை வளருமா? முட்டை, மீன் குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஒரு நாளைக்கு ஆறு தரம் குடுங்க. காயம் மூடாம கேன்சருக்கான அடுத்த மருந்து ஏத்த ஏலா.” கூட வந்த நீங்கள் தலையாட்டினீர்கள். நான் வீட்டுக்கு வந்து மறுபடியும் கஞ்சிதான் வைத்தேன். எனக்குப் பயம். முட்டையைக் கொடுத்துப் புண் அழுகினால் யார் பதில் சொல்வது?

மறுநாள் பத்து மணிக்கு மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து என் வாசலில் நின்றீர்கள். கையில் இந்தக் கோப்பை. அவித்த முட்டையை மசித்து மிளகு தூவியிருந்தீர்கள். “நீ உன்ட கஞ்சியக் குடு புள்ள. நான் இதக் குடுக்கன்” என்று என் குசினிக்குள் நுழைந்து, என் கரண்டியையே எடுத்துக்கொண்டு போனீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அறைப்பக்கம் போகாமல் குசினியில் நின்று சட்டி பானையை உருட்டினேன். அவர் குரல் மட்டும் கேட்டது.

“நல்லா இரிக்கி ராத்தா. இன்னும் கொஞ்சம் தாங்க.”

என் கஞ்சியை அவர் ஒருநாளும் ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்டதில்லை! நீங்கள் மெல்ல ஏதோ சொன்னீர்கள், அது என் காதுக்கு எட்டவில்லை. என்னைத்தான் குறை சொல்கிறீர்கள் என்று நெஞ்சு எரிந்தது.

அடுத்த நாள் பால்சுறாவை அவித்து உதிர்த்துக் கொண்டு வந்தீர்கள். அன்றுதான் கோப்பையை ஒளித்தேன். கோப்பை இல்லாவிட்டால் வரமாட்டீர்கள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல! அதற்கடுத்த நாள் மார்ஜரின் டப்பாவில் வந்தது முட்டை. “கோப்பை கெடக்கட்டும் புள்ள” என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு மாதத்துக்கும் மேலாக வந்தீர்கள். காயம் மூடியது. மருந்து கட்டும் மிஸ்ஸி பஞ்சை எடுத்துப் பார்த்து, “அல்ஹம்துலில்லாஹ், சதை வந்திட்டு. வீட்டில நல்லாப் பாத்திரிக்காங்க” என்றபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நீங்கள் கதவோரமாகவே நின்றீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. மருந்து ஏற்றினார்கள், அவர் பிழைத்துக்கொண்டார். நெஞ்சுவலி வந்து நீங்கள் முந்திப் போவீர்கள் என்று யார் கண்டது?

கோப்பையை இன்று அவரிடம் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது நீ எனக்கு முட்டை மசிச்சுத் தந்த கோப்பைதானே?”

“நானா?”

“ஓம். ராத்தா ஒவ்வொரு நாளும் சொல்லுவாவே, ‘உன்ட பொஞ்சாதிதான் ஆக்கித் தாறா, நான் ஊட்டி விடத்தான் வாறன்’ எண்டு. நீயும் குசினிக்குள்ள சட்டி உருட்டுற சத்தம் கேக்கும்தானே.”

எல்லாவற்றையும் சொன்னேன், மதினி; ஒளித்ததையும் சொன்னேன். அவர் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நல்லவளாக இருப்பதிலாவது என்னை ஒருமுறை ஜெயிக்க விட்டிருக்கலாமே நீங்கள். அதிலும் நீங்கள்தான் முன்னால். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

பத்து மணிக்கு முட்டை அவித்தேன். உங்கள் கோப்பையிலேயே மசித்து, மிளகு தூவி, நானே பக்கத்தில் உட்கார்ந்து கொடுத்தேன். “நல்லா இரிக்கி” என்றார்.

இன்னும் கொஞ்சம் கேட்கவில்லை.