பல்லி வேஷம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐம்பதை நெருங்குகிற கல்லூரி ஆசிரியைக்குக் குழந்தைகளுக்கான பாட்டு நாடகத்தில் என்ன வேலை? நீ இப்படித்தான் கேட்பாய். உன் முழங்கால் வலி தேவலையா?

இன்று பக்கத்துத் தெரு அரங்கில் நடிகர் தேர்வு. ராணி வேஷத்துக்குப் பாடினேன். இரண்டாம் வரியில் சுருதி தப்பியது. என்னையறியாமல் உன்னைப் போலவே உச்சுக் கொட்டிவிட்டேன். இயக்குகிற பெண் துள்ளி எழுந்தாள்.

“அக்கா, இன்னொரு தடவை பண்ணுங்க!”

“பாட்டா?”

“ஐயோ, பாட்டு வேணாம். அந்தச் சத்தம்!”

யாராவது பொய் சொன்னால் உச்சுக் கொட்டும் அரண்மனைப் பல்லி ஒன்று கதையில் இருக்கிறதாம். முடிவு நாளைக்கு. வேஷம் எனக்குத்தான் கிடைக்கும், என்னைவிட நன்றாக உச்சுக் கொட்ட உன்னால்தான் முடியும், நீயோ இங்கே இல்லை.

போனில் நாலைந்து தரம் உச்சுக் கொட்டிப் பதிவு செய்து அனுப்பு, ஒத்திகைக்குத்தான். கூடவே ஏதாவது திட்டினாலும் பரவாயில்லை. தனியாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது, கவலைப்படாதே. வகுப்புக்கு நேரமாகிறது.

உன் மகள்

மறுநாள்: பல்லி நான்தான். தபாலில் போடுமுன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். ‘பழகிவிட்டது’ என்ற இடத்தில் நாக்கு தானாக உச்சுக் கொட்டியது.