பிக்கப்பில் ஐந்தாவது சீற்

இல்ஃபோர்ட், லண்டன்.

அன்புள்ள கனகாம்பிகைக்கு,

உமது முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன். மகன் பிரியந்தனின் கடையில் கல்லாவைப் பார்க்கிறேன். போனில் பேசினால் வீட்டுக்கே கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்னச் சந்தேகம்.

மகன் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகவென்று ஒரு கரவன் வாங்கியிருக்கிறான். கட்டில், அடுப்பு எல்லாம் உள்ள, சில்லுப் பூட்டிய வீடு. அதை இழுக்க ஒரு பிக்கப் வேண்டும். நான் லொறி ஓடியவன் என்று என்னையும் கூட்டிப்போனான். நல்ல இழுவையுள்ள ஒன்றை நானே காட்டினேன். பிறகுதான் கண்டேன், உள்ளே நாலு சீற். வீட்டில் பிள்ளைகளோடு நாங்கள் ஐந்து பேர்.

“நான் கரவனுக்குள்ளை இருந்து வாறன்,” என்றேன்.

“ஏலாது அப்பா. ஓடேக்கை அதுக்குள்ளை ஆள் இருக்கக் கூடாது. சட்டம்,” என்றுவிட்டு விலை கேட்கப் போனான். மருமகள் மேனுஷா போனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னை விட்டுவிட்டுப் போகத்தானோ என்று நினைத்தேன்; கடைக்கும் ஒரு ஆள் வேண்டும்தானே.

ஓடிப் பார்த்து இறங்கியதும், “கியர் கரகரக்குது தம்பி, இது வேண்டாம்,” என்றேன். கியரில் ஒரு பிழையும் இல்லை.

ஐந்து சீற் உள்ளதை வாங்கிவிட்டான். திரும்பி வரும்போது மேனுஷா சொல்கிறாள், “நல்லதாப் போச்சு, மிச்சச் சீற்றிலை சாப்பாட்டுப் பெட்டி வைக்கலாம்.”

ஊர் மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். கடையில் சாமான் வாங்க ஆள் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன். பிரியந்தன் கோல் எடுத்தால், கடற்கரையில் அப்பாவுக்குக் குளிருமா என்று சும்மா கேட்டுப்பாரும். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லவேண்டாம்.

கணேசலிங்கம்